வேட்டித் திரை

என் பயணப் பையில் கேமராவுக்கு முன்னால் போய் உட்காருவது ஓர் எட்டு முழ வெள்ளை வேட்டி. கரையைப் பிரித்தெடுத்துவிட்டு, இரண்டாக மடித்து, மேல் ஓரத்தில் நாடா கோக்க வழிவிட்டுத் தைத்தது. இரண்டு பனைகளுக்கு நடுவிலோ திண்ணைத் தூண்களுக்கு நடுவிலோ இழுத்துக் கட்டினால் திரை தயார். கூடவே உள்ளங்கை அளவு புரொஜெக்டர், ஒரு ஸ்பீக்கர், மின்சாரம் கிடைக்காத இடத்துக்கு ஒரு பவர் பேங்க். எடுத்த படத்தை, அதில் இருப்பவர்களுக்கு அவர்கள் ஊரிலேயே போட்டுக் காட்டிய பிறகுதான் அது முடிந்ததாக எனக்கு நிம்மதி வரும். அதனால் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். பார்க்காத ஊர் எத்தனையோ இருக்க, பார்த்த ஊருக்கே எதற்கு மறுபடி டிக்கெட் என்று நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது தூத்துக்குடிக் கதை.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். காரைக்குடியில் வீடு. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடியோ எடுத்து ஒரு ரூபாய் சம்பாதித்ததில்லை, சம்பாதிக்கும் எண்ணமும் இல்லை. கல்யாண வீடியோக்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தாலி கட்டும் அந்த ஒரு கணத்தில், நாலு பேர் குறுக்கே நின்றாலும், படம் வந்தே ஆக வேண்டும் அவர்களுக்கு. எனக்கு அந்த நெருக்கடி கிடையாது. இன்று வெளிச்சம் சரியில்லை என்றால் நாளை வருவேன். இந்த வருடம் மழை பொய்த்தால் அடுத்த வருடம் வருவேன். காத்திருப்பதற்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவனுக்கு வாய்த்த பெரிய வசதி.

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. டார்ச் வெளிச்சத்தில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் துணி சுற்றிப் பெண்கள் வரிசையாக வருவார்கள். நீண்ட கம்பில் பலகை கோத்த வாருபலகையால் பாத்தியில் படிந்த உப்பை இழுத்து வரப்பில் சேர்ப்பார்கள். தண்ணீருக்கடியில் உப்புக் கற்கள் உரசும் அந்தச் சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அதைப் பதிவு செய்யவே தனியாக ஒரு மைக் வாங்கினேன்.

வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது கேமராவுக்கு இயல்பாக வராது. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்படிதான் அதன் வெளிச்சமானியை அமைத்திருக்கிறார்கள். உப்புக் குவியலைக் காட்டினால், இவ்வளவு வெளிச்சம் ஆகாது என்று தானே குறைத்துவிடும். உப்பு சிமெண்ட் நிறத்தில் வந்து நிற்கும். கையால் வெளிச்ச அளவை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். ஆனால் அப்படிக் கூட்டும்போது வெள்ளையின் நுணுக்கம் வெந்துபோய்விடக் கூடாது, வாருகிறவரின் முகமும் தெரிய வேண்டும். இந்த மூன்றும் ஒத்துவருவது காலையில் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்துக்குத்தான் அவர்களோடு நானும் இருட்டில் போய் நின்றேன்.

அங்கே ஒரு பெரியவர் உப்பு விளைவதைச் சொல்லிக்கொடுத்தார். கடல்நீரையும் ஆழ்குழாய் உப்புநீரையும் பாத்தி பாத்தியாக வெயிலில் முற்றவிட்டு, அடர்த்தியை 'டிகிரி' போட்டுப் பார்க்கிறார்கள். 25 டிகிரியைத் தொட்டால் உப்பு விழும். 29ஐத் தாண்டுவதற்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும்; இல்லையென்றால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அவர் கருவியைப் பார்க்கவில்லை. நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு "இன்னும் நாளாவும்" என்றார். ராஜம் கிருஷ்ணன் இந்த அளங்களுக்கு நேரில் வந்து பார்த்துத்தான் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். அந்த நாவலைப் படித்துவிட்டு அங்கே போனதால் பெண்களின் கால்களைத்தான் முதலில் பார்த்தேன். பூட்ஸ் இல்லாத காலத்தில் அந்தக் கால்கள் பட்ட பாடு அதில் இருக்கிறது.

"அண்ணாச்சி, எங்களப் போயி எதுக்குப் புடிக்கிய? சினிமாவா?" என்று ஒரு அம்மா கேட்டார். உங்களுக்கே கொண்டுவந்து காட்டுவேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போன பலரை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த உப்புக் காலத்தில் போய், அவர்கள் தெருவில் ஒரு வேப்ப மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் வேட்டியைக் கட்டினேன். பிள்ளைகள் முன்னால் தரையில், பெண்கள் வாசல்படிகளில், ஆண்கள் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. முதல் காட்சியிலேயே "ஏட்டி, அது நீதாம்ட்டி" என்று கூச்சல். யார் வாருகிறார்கள், யார் பலகையைச் சாய்வாகப் பிடிக்கிறார்கள், யாருடைய அம்பாரம் கூம்பாகச் சரியாக நிற்கிறது என்று அவர்களே விமர்சனம் செய்யத் தொடங்கினார்கள். நான் அழகு என்று நினைத்து நீளமாக வைத்திருந்த சூரிய உதயத்தில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. வாருகிற கைகளைக் கிட்டத்தில் காட்டிய இடங்களில் அமைதி. சினிமாவா என்று கேட்ட அந்த அம்மா, தலையில் சுமையோடு வரப்பில் நடந்துபோகும் காட்சி வந்தது. பின்னாலிருந்து எடுத்தது. அவர் எழுந்து திரைக்குக் கிட்டே வந்துவிட்டார். "எங்க அம்ம மாரியே நடக்கேன்" என்றார். அவருடைய தாயும் அளத்தில் சுமை தூக்கியவர். தாய் இறந்தபோது வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. அந்தக் காட்சியை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார்.

அன்றிரவு ஊர் திரும்பி, சூரிய உதயத்தை வெட்டிவிட்டு நடையை நீளமாக்கினேன். அந்தப் படத்தின் எடிட்டர்கள் அந்தத் தெருவினர்தான்.

எடுத்த படத்தை அதில் இருப்பவர்களுக்கே போட்டுக் காட்டுவது நான் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. ராபர்ட் ஃப்ளாஹர்டி கனடாவின் ஹட்சன் வளைகுடாக் கரையில் இன்யூட் மக்களோடு தங்கி எடுத்து, 1922இல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்தின்போதே இது நடந்திருக்கிறது. பிலிம் கழுவும் சாதனங்களையும் புரொஜெக்டரையும் அவர் அந்தப் பனிக்காட்டுக்கே கொண்டுபோயிருந்தார். வால்ரஸ் வேட்டையை எடுத்து, கழுவி, குடிலில் போட்டுக் காட்டியபோது, பார்த்தவர்கள் அது படம் என்பதை மறந்து "விடாதே, பிடி" என்று கத்தினார்களாம். அதன்பின் அடுத்து எதை எடுக்கலாம் என்று அவர்களே யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். ஃப்ளாஹர்டி சில காட்சிகளை ஜோடித்து எடுத்தார் என்ற விமர்சனம் உண்டு, நியாயமான விமர்சனம்தான். உள்ளே வெளிச்சம் வேண்டும் என்று பாதி வெட்டிய பனிவீட்டைக் கட்டவைத்தார். ஆனாலும் நூறு வருடங்களுக்கு முன் அவ்வளவு பாரத்தைச் சுமந்துபோய், படத்தில் இருந்தவர்களுக்கே முதலில் காட்டினாரே, அதற்காக அவரை நான் வணங்குகிறேன். இன்று அந்த வேலைக்கு ஒரு வேட்டி போதும்.

நான் திரும்பத் திரும்பப் போகும் இன்னோர் ஊர், சிலை வார்க்கும் சுவாமிமலை. எனக்குப் பக்கம். கும்பகோணத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் ஆயிற்று. ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம், மார்பு, இடை, கால் என்று அளவு குறிப்பதிலிருந்து நான் எடுக்கத் தொடங்கினேன். தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசிக் காயவைப்பார்கள். முதல் பூச்சு விரல் ரேகைகூட மண்ணில் பதியும் அளவுக்கு நைசாக இருக்கும். பிறகு கனத்த பூச்சுகள், கம்பிக் கட்டு. வறட்டி நெருப்பில் சுட மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில்தான் உலோகம் இறங்குகிறது.

உருக்கி ஊற்றும் காட்சிதான் எல்லாரும் எடுப்பது. நெருப்பும் பொறியும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது சில விநாடி வேலை. சுவாமிமலையின் உயிர் அதற்குப் பிறகு இருக்கிறது என்பது என் எண்ணம். மண்ணை உடைத்தால் வெளியே வரும் உருவம் சொரசொரப்பாக, கறுத்து, யாரென்றே தெரியாமல் இருக்கும். உளியும் அரமும் வைத்து வாரக்கணக்கில் உட்கார்ந்து அதற்கு விரல் நகமும் ஆடை மடிப்பும் கொண்டுவருகிறார்கள். டக் டக் டக் என்று ஒரே சீரான சத்தம், நடுவில் ஒரு ரேடியோ, ஒரு டீ. அலுப்பான காட்சி என்று தோன்றும். ஒரு நிமிடம் பார்த்தால் அலுப்புதான். நகர்த்தாமல், வெட்டாமல் ஐந்து நிமிடம் பார்த்தால், உளி நின்று, கை தடவி, மறுபடி உளி விழுவதில் ஒரு தாளம் தெரியும். போட்டுக் காட்டியபோது ஸ்தபதி ஒருவர் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடி விழுந்த பிறகு ஒவ்வொரு முறையும் அந்த விரல் உலோகத்தைத் தடவுகிறது. "இப்படிச் செய்யறேன்னு எனக்கே தெரியாது சார். எங்கப்பா செய்வாரு" என்றார். தூத்துக்குடியில் கேட்டது ஞாபகம் வந்தது. கற்றுக்கொடுத்தவர்களை நம் உடம்பு சுமந்துகொண்டிருப்பது நமக்குத் தெரிவதில்லை. வீடியோவில் தெரிகிறது.

மகள் ஒசாகாவில் வேலையாக இருந்த காலத்தில் ஜப்பான் வாய்த்தது. மகள் கோயில்களுக்கும் கோட்டைக்கும் திட்டம் போட்டு வைத்திருந்தாள். நான் முதல் நாளே குழல் விளக்குகளில் சிக்கிக்கொண்டேன். டோக்கியோவில் இறங்கி எடுத்த காட்சிகள் சீராக இருந்தன. அதே கேமரா, அதே அமைப்பு, ஒசாகாவில் ஒரு கடைக்குள் எடுத்தால் விளக்கு துடிக்கிறது. காரணம் மின்சாரத்தில் இருக்கிறது. 1890களின் நடுவில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் மின்னாக்கி வாங்கியது. ஒசாகா அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் வாங்கியது. இன்றுவரை ஃபூஜி ஆற்றை ஒட்டி நாடு மின்சாரத்தில் இரண்டாகப் பிரிந்தே கிடக்கிறது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸுக்குப் பழகிய ஷட்டரை 60க்கு மாற்றியதும் துடிப்பு அடங்கியது. ஒரே தீவின் கிழக்கும் மேற்கும் வெவ்வேறு வேகத்தில் மினுக்குவதை வேறெந்தச் சுற்றுலாப் பயணியும் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒசாகாவுக்குத் தெற்கே சாக்காய் என்ற ஊர் சமையல் கத்திக்குப் பேர்போனது. அங்கே ஒரே பட்டறையில் கத்தி முழுதாக உருவாவதில்லை. இரும்பும் எஃகும் சேர்த்துக் காய்ச்சி அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர். கத்தி தெருத் தெருவாக நடந்துதான் கத்தியாகிறது. மகள் மொழிபெயர்க்க, ஒரு கொல்லரிடம் அனுமதி கேட்டோம். கையை எடுங்கள், முகம் வேண்டாம் என்றார். கையைத்தான் எடுக்க வந்தேன் என்றேன். அந்த நாட்டில் விற்கும் பெரும்பாலான கைபேசிகளில் படம் எடுக்கும் ஓசையை அணைக்க முடியாது. பிறரைத் தெரியாமல் எடுப்பதை அவ்வளவு பெரிய விஷயமாகக் கருதும் ஊரில், அனுமதி கேட்டு, எடுத்ததை அங்கேயே காட்டுவது பெரிய கதவைத் திறந்துவிடுகிறது. இருட்டான பட்டறையில் சுத்தியல் விழும் ஒவ்வொரு முறையும் இரும்பின் நிறத்தைப் பார்த்து அவர் சூட்டைக் கணிக்கிறார். விளக்கைப் போடாமல் இருப்பது அதற்காகத்தான். வேட்டியைக் கட்ட அங்கே இடமில்லை. டேப்லெட்டில் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லி உள்ளே போய் மகனைக் கூட்டிவந்தார். ஒரு காட்சியைச் சுட்டி அவனிடம் ஏதோ கடிந்து சொன்னார். "மணிக்கட்டைப் பார், இதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்கிறேன்" என்றாராம்.

வெளியூர் போகாத மாதங்களில் வீட்டு மாடி அறைதான் எனக்கு ஊர். அண்டை அயலார் பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளைப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். அதில் பெரும்பாலும் காதுகுத்து, கல்யாணம், அறுபதாம் கல்யாணம். மழைக்காலத்தில் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடும். அதை அப்படியே ஓட்டினால் இயந்திரத்தின் தலையும் கெடும், நாடாவும் அறுபடும். துடைத்து, காயவைத்து, மெதுவாகச் சுற்றி, பிறகு ஓட்டி கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு மணி நேர நாடாவுக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த வழியே இல்லை. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், 2025க்குள் மாற்றாத காந்த நாடாக்களில் பெரும்பகுதி மீட்க முடியாமல் போகும் என்று முன்பே எச்சரித்திருந்தது. ஓட்டுவதற்கு இயந்திரமும் இல்லை, பழுது பார்க்க ஆளும் இல்லை என்பதே காரணம். ஆகவே பழைய இயந்திரங்களை எங்கே கண்டாலும் வாங்கிப் போடுகிறேன். ஒன்றின் பல்சக்கரம் இன்னொன்றுக்கு உதவும்.

இந்த நாடாக்களில் எனக்கு மிகவும் பிடித்தது மேடை அல்ல. பந்தியின் ஓரத்தில், கேமரா தன்னை எடுக்கிறது என்று தெரியாமல் யாரோ ஒரு ஆச்சி யாரையோ சத்தமாக விசாரித்துக்கொண்டிருப்பார். இறந்து இருபது வருடமான குரல். அதைக் கேட்கும்போது வீட்டுக்காரர்கள் மணமக்களை மறந்துவிடுவார்கள்.

என் மனைவி படத்தில் தலைகாட்ட மாட்டாள். ஆனால் எல்லாப் படங்களின் தலைப்பும் அவள் கையால் வருவதுதான். அரிசி மாவில் புள்ளி வைத்து இழை இழையாகக் கோலம் இழுப்பாள். ஒவ்வொரு விரலளவு நகர்வுக்கும் நிறுத்தி நான் மேலிருந்து ஒரு படம் எடுப்பேன். ஒரு விநாடிக்கு 25 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும் பத்து விநாடித் தலைப்புக்கு நூறு தடவைக்கு மேல் அவள் கையை எடுக்க வேண்டும். எறும்பு வந்து மாவைத் தூக்கிக்கொண்டு போகும். அதையும் விட்டுவைத்திருக்கிறோம். திரையில் கோலம் தானே வரைந்துகொள்ளும்போது அதன் குறுக்கே ஓர் எறும்பு பாய்ந்து பாய்ந்து ஓடும். உப்பளத்துப் பிள்ளைகள் அதற்குத்தான் அதிகம் கைதட்டினார்கள்.

ரங்கூன், இன்றைய யாங்கூன், எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பேச்சில் இருக்கும் ஊர். தேக்குத் தூண், பர்மா அலமாரி, தாத்தாவின் கணக்குப் புத்தகம் என்று ஏதாவது ஒரு வழியில் அது வந்துவிடும். எனக்கு அந்த ஊர் ஏ. கே. செட்டியார் வழியாகவும் வந்தது. காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூர்க்காரர். ரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்திவிட்டு, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போய்ப் படக்கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது: காந்தியை யார் யாரோ எடுத்துவைத்த படத்துண்டுகளை உலகம் முழுக்கத் தேடித் திரட்டி ஒரே படமாக்குவது. நாடு நாடாக அலைந்தார். 50,000 அடி பிலிம் சேர்ந்தது. அதை 12,000 அடியாக்கி 1940இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட முடியவில்லை. பிறகு பல்லாண்டு 'குமரி மலர்' நடத்தி, 1983இல் மறைந்தார். தன் பயண நூல்களில் தன்னைப் பற்றி அவர் பேசுவதே அபூர்வம். பார்த்ததைச் சொல்லி நகர்ந்துவிடுவார். கேமரா பழகியவரின் எழுத்து அது.

யாங்கூனில் பகோடாக்களைவிட என்னை இழுத்தது நகரைச் சுற்றிவரும் வட்ட ரயில். சுமார் 46 கிலோமீட்டர், 39 நிலையங்கள். நான் போனபோது பழைய பெட்டிகள்தான் ஓடின. ஒரு சுற்று வர மூன்று மணி நேரம் ஆகும். கண்ணாடி இல்லாத ஜன்னல்கள், எதிரெதிராக நீள பெஞ்சுகள். கேமராவை மடியில் வைத்து எதிர் ஜன்னலைக் காட்டி நகர்த்தாமல் விட்டுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஊர் ஓடுகிறது, ஜன்னலுக்குக் கீழே ஆட்கள் மாறுகிறார்கள். கன்னத்தில் தனகா மரச்சாந்து பூசிய பள்ளிப் பெண்கள், வெற்றிலைச் சீவல் தட்டோடு ஒருவர், காடை முட்டைக் கூடையோடு ஒருவர். டன்யிங்கோன் சந்தை நிலையத்தில் கீரைக் கட்டுகளும் பூக்கட்டுகளும் ஜன்னல் வழியாகவே உள்ளே விழுகின்றன. சில நிமிடத்துக்குப் பெட்டி முழுக்கப் பச்சை. பிறகு ஒவ்வொரு நிலையமாக அந்தப் பச்சை இறங்கிப் போய்விடுகிறது.

அந்த ஜன்னலுக்குக் கீழே வந்து உட்கார்ந்த ஒரு பெரியவர் என் சட்டைப்பையிலிருந்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு தம்பி?" என்றார். சொன்னேன். முகம் மலர்ந்து, எங்கள் மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமத்தின் பெயரைச் சொல்லி, "அங்க கண்மாய் பெருகியிருக்கா?" என்று கேட்டார். அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. பர்மாவில் பிறந்தவர். தகப்பனார் சொன்ன கண்மாய் அது. மழைக்காலம் வந்தால் அப்பா அதைத்தான் கேட்பார், அப்பா போன பிறகு தான் கேட்பதாகச் சொன்னார். 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலுக்கு என்னை அன்று மாலை அவர்தான் கூட்டிப்போனார்.

ஊர் வந்ததும், வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருந்து, அந்தக் கிராமத்துக்குப் போனேன். கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கரை நெடுக நடந்து எடுத்தேன். தவளைச் சத்தமும் ஆடு மேய்ப்பவரின் அதட்டலும் நன்றாகப் பதிவாகின. அதைத் திரையில் போட்டுக் காட்ட யாங்கூனுக்கு மறுபடி போகத்தான் திட்டம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அது கைகூடவில்லை. கைபேசியில் அனுப்பினேன். வெகு நாள் கழித்துக் குரல் செய்தி ஒன்று வந்தது. "தம்பி, தண்ணியப் பாத்துட்டேன். எங்கய்யா சொன்ன மடை எங்க இருக்கு? அதையும் காட்டு." மறுபடி போய் மடையையும் எடுத்து அனுப்பினேன். மறுபக்கம் மறுகால் எங்கே பாய்கிறது என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. இதுவரை நான் எடுத்ததிலேயே எனக்கு நெருக்கமான படம் இதுதான். ஒரே ஒருவருக்காக எடுக்கப்படுவது. அவருடைய கேள்விகள்தான் அதற்குத் திரைக்கதை.

யாங்கூனுக்குத் திரும்பிப் போக முடியவில்லை, நெடுந்தீவுக்கு முடிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம். அலை இருக்கிற நாளில் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் இருப்பதே நல்லது. போர்த்துக்கீசர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் சந்ததி இன்றும் அங்கே வெட்டவெளியில் திரிகிறது. ஆப்பிரிக்கப் பெருக்க மரம் ஒன்று பருத்து நிற்கிறது. வந்தவர்கள் எல்லாரும் எடுப்பவை இவை. நானும் எடுத்தேன். ஆனால் என்னை நிறுத்திவைத்தது வேலிகள். முருகைக் கற்களைச் சாந்து எதுவும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தீவு முழுக்க வளவுக்கு வளவு கட்டியிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் இடைவெளியில் கடல்காற்று புகுந்து போகிறது. சுவர் விழாமல் நிற்பதே அதனால்தான் என்று வேலி அடுக்கும் ஒருவர் சொன்னார். ஒவ்வொரு கல்லையும் கையில் உருட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் கீழே உட்காரும் என்று தீர்மானித்த பிறகே வைக்கிறார். ஒரு தடவை வைத்த கல்லை அவர் திரும்ப எடுத்து நான் பார்க்கவில்லை.

காற்றுதான் அங்கே ஒலிப்பதிவுக்குப் பெரிய சவால். மைக்கின் மேல் பழைய கம்பளித் துணியில் மனைவி தைத்துக்கொடுத்த உறையைப் போட்டேன். இரைச்சல் அடங்கி, வேலியின் துளைகளில் காற்று நுழையும் மெல்லிய ஊதல் கேட்டது.

மாவலி இறங்குதுறைக்கருகில் 'குமுதினி' படகில் இறந்தவர்களுக்கு நினைவுத்தூபி இருக்கிறது. 1985 மே 15 அன்று தீவிலிருந்து போன படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அங்கே நான் கேமராவை மூடிவைத்தேன். அந்தத் துயரத்தைப் பதிவு செய்ய வேண்டியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் எடுக்க வேண்டும், எந்த விதத்தில் என்பதையும் அவர்களே தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மறுவருடம் வேட்டியோடு போனேன். ஒரு வீட்டு வளவில் இரண்டு பனைகளுக்கு நடுவில் கட்டினோம். பனைகளிடையே வீசிய காற்றில் திரை பாய்போல் உப்பிற்று. நாலு பிள்ளைகள் அதன் நுனிகளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். வேலி அடுக்குபவர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "உந்தக் கல்லைக் கொஞ்சம் உள்ளுக்கு வைச்சிருக்கலாம்" என்றார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அந்த வேலியை அந்த இடத்தில் பிரித்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்!

அன்று திரை பார்க்க வந்திருந்த ஓர் ஆசிரியை, "ஐயா, எங்கட பிள்ளையளுக்கும் உதைச் சொல்லித் தாங்கோவன்" என்றார். சொல்லித்தர என்னிடம் அதிகம் இல்லை. கைபேசியைப் படுக்கை வசமாகப் பிடியுங்கள், நகர்த்தாதீர்கள், வேலை முடியும்வரை நிறுத்தாதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள், யாரை எடுத்தீர்களோ அவரிடம் காட்டுங்கள். ஒரு பிற்பகல் முழுக்க இதையே செய்து பழகினோம்.

போன மாதம் அந்தப் பிள்ளைகளிடமிருந்து ஒரு படம் வந்தது. பனையோலையில் பெட்டி இழைக்கும் ஒரு அம்மம்மாவின் கைகள். ஓலையை வார்ந்து, நனைத்து, மடித்து, முடிக்கும்வரை எங்கும் வெட்டவில்லை. இடையில் ஒரு சேவல் கூவுகிறது, அம்மம்மா அதைத் திட்டுகிறார், அதையும் விட்டுவைத்திருக்கிறார்கள். தலைப்பை மணலில் விரலால் எழுதி எடுத்திருக்கிறார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். காற்றுச் சத்தத்துக்கு மைக்கின் மேல் ஒரு துணி, பெட்டி முடிந்ததும் அம்மம்மாவின் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் என்று இரண்டு விஷயம் எழுதினேன். அம்மம்மாவுக்குக் காட்டினீர்களா என்றும் கேட்டேன். திரை இல்லை, நீங்கள் வரும்போது காட்டலாம் என்று வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. காத்திருக்க வேண்டாம், யாருடைய வீட்டிலாவது வெள்ளை வேட்டி இருக்கும், மேல் ஓரத்தை எத்தனை விரல் மடித்துத் தைக்க வேண்டும் என்று படம் வரைந்து இன்று காலை அனுப்பியிருக்கிறேன்.